தண்ணீர் நம்மைச் சுமக்கட்டும்!

(தலைப்பு: குடும்பத்தோடு விடுமுறை கழிக்க ஏற்றது உல்லாசக் கப்பலா? ஒகேனக்கல் பரிசலா? தருமபுரியில் நடந்த பட்டிமன்றத்தில் 'உல்லாசக் கப்பலே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பரிசலைத் தூக்கிக் கப்பல் உயரத்துக்கு வைத்துவிட்டு, இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிற எதிரணித் தோழர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! தருமபுரி மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே இந்தப் பட்டிமன்றத்தைப் பார்க்கப் போகிற என் அருமைச் சகோதரிகளே!

கடைசியாச் சொன்னேன் பாருங்க, வெங்காயம் உரிச்சுக்கிட்டே பார்க்கிறவங்கன்னு, அவங்களுக்காகத்தான் நான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

நடுவர் ஐயா தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்டாங்க. "கடலே இல்லாத மாவட்டத்திலே கப்பலைப் பத்திப் பட்டிமன்றமா?" என்று. நியாயமான கேள்வி. ஆனால் ஐயா, காவிரி என்ன பண்றா? நம்ம ஒகேனக்கல் பாறையிலே விழுந்து எழுந்து, மேட்டூரிலே தங்கி, திருச்சியைப் பார்த்து, தஞ்சாவூரைப் பார்த்து, கடைசியிலே பூம்புகாரிலே போய்க் கடலிலே கலக்கிறா. நம்ம ஊர் வழியாப் போற தண்ணிக்கே கடலைப் பார்க்கணும்னு ஆசை இருக்கும்போது, நம்ம ஊர்ப் பொம்பளைக்கு அந்த ஆசை இருக்கக் கூடாதா? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் பரிசலின் பெருமையை அழகாகச் சொன்னார். மூங்கிலைச் சிம்பு சிம்பாப் பிளந்து, வளைச்சுப் பின்னி, அந்தக் காலத்திலே தோல் போர்த்தி, இந்தக் காலத்திலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுத் தார் பூசி, ஒற்றைத் துடுப்பிலே சுழலைச் சமாளித்து நம்மைக் கூட்டிக்கிட்டுப் போற அந்தப் பரிசல்கார அண்ணன்மார்களின் திறமையை நான் இரண்டு கையும் சேர்த்து வணங்குகிறேன். எனக்கும் பரிசல் பிடிக்கும். என் வழக்கு பரிசல் மேலே இல்லீங்க. பரிசல் ஏறுவதற்கு முன்னாலே வீட்டிலே என்ன நடக்கிறது? இறங்கிய பிறகு என்ன நடக்கிறது? அதுதான் என் வழக்கு.

குடும்பத்தோட ஒகேனக்கல் போகலாம்னு முடிவு பண்ணுவது யாரு? ஐயா. காலையிலே மூணு மணிக்கு எழுந்திருக்கிறது யாரு? அம்மா. புளிசாதம் கிளறி, தயிர்சாதம் பிசைஞ்சு, உருளைக்கிழங்கு வறுத்து, தூக்குப் போசியிலே அடைச்சு, தண்ணி, தட்டு, டம்ளர், மாத்துத் துணி, பாய், துண்டு, குழந்தைக்குப் பால், மாமியாருக்கு மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வைக்கணும். ஐயா எதை எடுத்து வைப்பாரு? சட்டைப் பையிலே சீப்பை எடுத்து வைப்பாரு! (சிரிப்பு)

அங்கே போய் இறங்கினதும் ஐயாவுக்கு எண்ணெய் மசாஜ். பாறை மேலே பள்ளிகொண்ட பெருமாள் மாதிரி படுத்துக்குவாரு. முதுகிலே தட்டுற சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அம்மா எங்கே இருப்பாங்க? எல்லாருடைய செருப்புக்கும் பைக்கும் நடுவிலே உட்கார்ந்து காவல் காப்பாங்க. குரங்கு வந்து புளிசாதத்தைத் தூக்கிட்டுப் போகாம விரட்டுவாங்க. ஈரத்துணியைப் பிழிவாங்க. வீட்டுக்கு வந்தா ஐயா சொல்லுவாரு, "அப்பாடா! நல்லா ஓய்வா இருந்தது." அம்மா அந்த நேரத்திலே எண்ணெய்ப் பிசுக்கு ஏறின வேட்டிக்குச் சோப்புப் போட்டுக்கிட்டு இருப்பாங்க!

நடுவர் அவர்களே, இதுக்குப் பேரு விடுமுறை இல்லீங்க. சமையலறைக்கு இடமாறுதல் உத்தரவு! (பலத்த கைதட்டல்)

நான் சும்மா சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. யார் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவு செய்கிறார்கள் என்ற கணக்கு. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். அதே வேலையைச் செய்கிற ஆண்? 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிறேன் என்று சொன்ன ஆண்களுடைய சராசரி. சொல்லாதவங்க இந்தக் கணக்கிலேயே வரலை. அவங்க எல்லாம் இங்கே முன் வரிசையிலே உட்கார்ந்திருக்காங்க! (சிரிப்பு)

ஆக, விடுமுறைக்கு ஏற்றது எது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னாலே, யாருக்கு விடுமுறை என்று கேட்க வேண்டும். குடும்பத்திலே ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் விடுமுறையா, நாலு பேருக்கு விடுமுறையும் ஒருத்திக்கு இரட்டை வேலையுமா?

இப்போ கப்பலுக்கு வருகிறேன். 2022 ஜூன் மாதம் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 1990-இல் பிரான்சு நாட்டிலே கட்டி முடித்த கப்பல் அது. நீளம் 211 மீட்டர். நம்ம ஊர் அரசுப் பேருந்துகளை ஒன்றன் பின்னால் ஒன்றாகப் பதினெட்டு நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். சுமார் 1,800 பயணிகள் ஏறலாம். இரண்டு இரவு கடலுக்குள்ளே போய்விட்டுச் சென்னைக்கே திரும்புவது ஒரு பயணம், விசாகப்பட்டினம் வரைக்கும் போய் வருவது இன்னொரு பயணம் என்று விட்டார்கள். 2023 ஜூனிலே இலங்கைக்கே போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை.

அந்த மாதிரி ஒரு கப்பலிலே என் தாயாரை இரண்டு இரவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அரூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். எழுபதை நெருங்குகிற வயசு. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக் கூடத்திலே சாப்பிட்டு முடித்தோம். எங்கம்மா தட்டைக் கையிலே எடுத்துக்கிட்டு எழுந்திருச்சாங்க. அப்படியே நாலு பக்கமும் பார்க்கிறாங்க. "என்னம்மா தேடறே?" என்றேன். "குழாய் எங்கடி இருக்கு?" என்றார்கள். தட்டைக் கழுவி வைக்கணுமாம்! பரிமாறுகிற பையன் ஓடி வந்து, "குடுங்கம்மா"ன்னு தட்டை வாங்கிக்கிட்டான். எங்கம்மா வெறுங்கையோட நின்னாங்க. அந்தக் கையை என்ன பண்றதுன்னே அவங்களுக்குத் தெரியலீங்க. முந்தானையிலே துடைச்சாங்க. துடைக்கிறதுக்கு ஈரமே இல்லை!

மறுநாள் காலையிலே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, சூரியன் கடலுக்குள்ளேயிருந்து எழும்பி வருவதைப் பார்த்தார்கள். "கல்யாணம் ஆன நாளா, விடியற நேரத்திலே நான் சும்மா உட்கார்ந்தது இன்னைக்குத்தான்" என்றார்கள். நடுவர் அவர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் கட்டின பணம் சரியாப் போச்சு. குறை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "இத்தனை சாப்பாடு வச்சிருக்கான், ராகிக் களி ஒரு உருண்டை வைக்கலையே!" (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியிலே தம்பி ஒருத்தர் பயமுறுத்தினார். "டைட்டானிக் மூழ்கிப் போச்சு, தெரியுமா?" என்றார். தெரியும் தம்பி. 1912-இலே மூழ்கியது. 1,500-க்கும் மேற்பட்ட உயிர் போனது. ஏறக்குறைய 2,200 பேர் இருந்த கப்பலிலே உயிர்காக்கும் படகிலே இடம் 1,178 பேருக்குத்தான். அந்தப் பாவத்துக்குப் பிறகுதான் 1914-இலே உலக நாடுகள் கூடி உட்கார்ந்து, கப்பலிலே ஏறுகிற அத்தனை பேருக்கும் படகிலே இடம் வேண்டும் என்று உடன்படிக்கை எழுதின. 2012-இலே இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையிலே மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதியை இன்னும் இறுக்கினார்கள். இப்போது பயணி ஏறியவுடனே, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தாக வேண்டும். 2020 பிப்ரவரியிலே ஜப்பான் நாட்டு யோகோஹாமாவிலே டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது உண்மை. அந்த நோய் தரையிலே இருந்தவங்களை விட்டுடுச்சா? தெருத் தெருவா வந்ததே!

ஆபத்து தண்ணி இருக்கிற எல்லா இடத்திலேயும் உண்டு. அதனாலேதான் பரிசலிலும் மிதவைச் சட்டை. அதனாலேதான் பிலிகுண்டுலுவிலே நீரளவு கூடினால் பரிசலுக்குத் தடை. 2018, 2022, 2024 இந்த மூன்று வருஷமும் ஆடி மாசத்திலே காவிரி பொங்கி வந்து பரிசல் ஓடவில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு ஆசையா வந்த சனம் கரையிலே நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிச்சு. அதுக்காகப் பரிசலே ஆகாதுன்னு நான் சொல்வேனா? மாட்டேன். அதே நியாயத்தைக் கப்பலுக்கும் கொடுங்க.

இன்னொருவர் சொன்னார், "கப்பலிலே சூதாட்டம் நடக்குது, குடி நடக்குது, குடும்பம் போகலாமா?" என்று. ஐயா, தருமர் நாட்டைத் தோத்து, தம்பியைத் தோத்து, பெண்டாட்டியைத் தோத்தது கப்பலிலேயா? நல்ல கெட்டித் தரையிலே, அரண்மனைக்குள்ளே, பெரியவங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கும்போது! (பலத்த சிரிப்பு) குடி பழக்கம் உள்ளவனுக்குக் கப்பல் தேவையில்லை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்குது. ஆடாதவன் எங்கே போனாலும் ஆடமாட்டான்.

"சென்னையிலே ஏறிச் சென்னையிலேயே இறங்குறதுக்கு ஒரு பயணமா?" என்று கேட்டார்கள். ஏங்க, பக்கத்திலே திருவண்ணாமலை இருக்கு. பௌர்ணமிக்குக் கூட்டம் கூட்டமாப் போறோம். பதினாலு கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்றோம். யாராவது "எங்கேயும் போகலையே"ன்னு வருத்தப்பட்டோமா? போய் வந்த இடம் முக்கியமில்லை, போய் வந்த மனசுதான் முக்கியம்.

"கப்பல் நம்ம பண்பாடா? வெள்ளைக்காரன் பழக்கம்!" என்றார்கள். வ.உ.சிதம்பரனார் 1906-இலே சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டாரே, அவர் யாரு? அதற்காகச் சிறையிலே செக்கிழுத்த மண் இது. கப்பல் நமக்குப் புதுசு இல்லீங்க. ஆனால் நம்ம சனம் எப்படிக் கப்பலேறியது என்று பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக. மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாக. 1926 முதல் 1973 வரைக்கும் ரஜுலா என்று ஒரு கப்பல் ஓடியது. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும். அதிலே நம்ம ஆட்களிலே பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். தங்குவதற்கு அறை கிடையாது. பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, குழந்தையை மடியிலே கட்டிக்கொண்டு போனார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்காகக் கப்பலேறிய இனம், ஒரு தடவை ஓய்வுக்காகக் கப்பலேறினால் அது பண்பாட்டுக் கேடா? அந்தப் பாட்டிக்கு நாம் செலுத்துகிற மரியாதை என்று நான் சொல்கிறேன்! (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். என்னை யோசிக்க வைத்த கேள்வி. "உங்க அம்மா கழுவாத தட்டைக் கப்பலிலே இன்னொருத்தர் கழுவுறாரே, அவரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே?" என்று. உண்மை. கப்பல் வேலை கடினமான வேலை. மாசக் கணக்கிலே வீட்டைப் பிரிந்து, ஜன்னல் இல்லாத அடித்தளத்திலே தங்கி, நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அந்த வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு நல்ல சம்பளம் வேண்டும், நாமும் மரியாதையாக நடக்க வேண்டும். ஆனால் ஒரு செய்தி சொல்கிறேன், கேளுங்கள். 2006-இலே கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று உருவானது. இந்தியா 2015-இலே அதை ஏற்றுக்கொண்டது. கப்பல் தொழிலாளிக்கு 24 மணி நேரத்திலே குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிற விதி அதிலே இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் முறையிடலாம்.

எங்கம்மாவுக்கு எந்த உடன்படிக்கை இருக்கு? உங்க அம்மாவுக்கு எந்தச் சட்டம் 10 மணி நேரம் ஓய்வு எழுதி வச்சிருக்கு? சம்பளமும் இல்லை, வேலை நேரமும் இல்லை, வாரக் கடைசியும் இல்லை. முறையிடுவதற்கு ஒரு இடமும் இல்லை. அடுப்புகிட்டத்தான் முறையிடணும்! (நீண்ட கைதட்டல்)

இந்த மாவட்டத்துப் பெண்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நம்ம ஊர் நிலத்தடி நீரிலே ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல்லிலே பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டிலே வலி. நல்ல தண்ணி எங்கே கிடைக்கும் என்று இடுப்பிலே ஒரு குடம், தலையிலே ஒரு குடம் வைத்து மைல் கணக்கிலே நடந்த பெண்கள் இவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இலே அடிக்கல் நாட்டி, 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக, 2013-இலேதான் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரைக்கும் ஊருக்குக் குழாய் யாரு? இவங்க இடுப்புதான் குழாய்!

எங்கம்மா கப்பலிலே தண்ணி குடிச்சாங்க. "இது எந்த ஊர்த் தண்ணி?" என்று கேட்டாங்க. கடல் தண்ணியைத்தான் உப்பை எடுத்துக் குடிதண்ணியாக மாத்துறாங்க என்று சொன்னேன். டம்ளரைப் பார்த்தாங்க, கடலைப் பார்த்தாங்க. "இதை ஆரும் சுமந்துக்கிட்டு வரலையா?" என்றார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள்.

நடுவர் அவர்களே, காலமெல்லாம் தண்ணியை இவங்க சுமந்தாங்க. இரண்டு நாள், தண்ணி இவங்களைச் சுமக்கட்டுமே! (பலத்த கைதட்டல்) "பரிசலும் தண்ணி மேலேதானே போகுது" என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. போகுதுங்க. ஆனா பரிசல் ஒரு மணி நேரம் சுமக்கும். இறங்கினதும் கரையிலே கழுவாத போசி நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்!

கடைசியாகச் செலவு. "ஏழைக்கு எட்டுமா?" என்று கேட்டார்கள். எளிதில் எட்டாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாசச் சம்பளத்தையும் தாண்டிவிடும். நான் மறைக்கவில்லை. வருஷா வருஷம் போகச் சொல்லவும் இல்லை. ஆயுசிலே ஒரு தடவை. காதுகுத்துக்குக் கடன் வாங்கிப் பந்தல் போடுகிறோம். மஞ்சள் நீராட்டுக்கு ஊர் நீளத்துக்குப் பேனர் வைக்கிறோம். அதிலே அம்மாவுக்கு என்ன மிச்சம்? பந்தியிலே கடைசி இலை!

இந்த மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டிலே அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இலே முதன்முதலாகத் தொடங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்திலேதான். பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சேர்த்து, தமிழ்நாட்டுக்கே வழிகாட்டியவர்கள் நீங்கள். அந்தப் பணத்திலே ஆடு வாங்கினீங்க, மாடு வாங்கினீங்க, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினீங்க, வீட்டுக்காரர் கடனை அடைச்சீங்க. உங்களுக்காக என்ன வாங்கினீங்க? நான் கேட்கிறேன், உங்க சேமிப்பிலே "அம்மாவுக்கு" என்று ஒரு வரி எழுதினால் குடும்பம் கெட்டுப் போகுமா? ஐந்து வருஷம் சேருங்க. தனியாப் போக வேண்டாம், குழுவாவே போங்க. வீட்டிலே இருக்கிற ஐயாமார்கள் இரண்டு நாள் களி கிண்டிச் சாப்பிடட்டும். கட்டி தட்டினாலும் பரவாயில்லை! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நீங்கள் நிற்கிற இடம் தகடூர். அதியமான் ஆண்ட மண். எளிதிலே கிடைக்காத நெல்லிக்கனி ஒன்று அவன் கைக்கு வந்தது. தின்றவர் நெடுநாள் வாழலாம் என்றார்கள். "இது அரிய கனி, விலை மதிப்பில்லாதது, அரசனுக்குத்தான் ஆகும்" என்று அவன் நினைக்கவில்லை. ஔவையாருக்குக் கொடுத்தான். அரிதாகக் கிடைத்ததை ஒரு பெண்ணுக்குக் கொடுத்ததனாலேதான் அவன் பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

உல்லாசக் கப்பலும் அரிதான கனிதான். எல்லாருக்கும் எட்டாது, எப்போதும் எட்டாது. எட்டுகிற அன்றைக்கு அதை யாருக்குக் கொடுப்பது? பரிசலிலே குடும்பம் போகும், அம்மா வேலைக்குப் போவாள். கப்பலிலே குடும்பம் போகும், அம்மாவும் கூடப் போவாள். ஐந்து பேருக்கும் விடுமுறை தருவதுதான் குடும்ப விடுமுறை. ஆகவே குடும்பத்தோடு விடுமுறை கழிக்க ஏற்றது உல்லாசக் கப்பலே என்று, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற என் சகோதரிகள் சார்பாக நல்ல தீர்ப்பை வேண்டுகிறேன்.